ஸ்கோருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ‘புது கேமை முதல் நாளே வாங்காதீர்கள்’ என்று எழுதியிருந்தேன். “அப்படியானால் முதல் நாள் வருகிற விமர்சனங்களை நம்பவே கூடாதா?” என்று கேட்டுக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஒரு விஷயம்தான். கன்சோல் விலை, கிராபிக்ஸ் கார்டு பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் பதில் உண்டு.

கேள்வி: அண்ணா, ரிவ்யூ எழுதுகிற எல்லாரும் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டுதான் ஸ்கோர் போடுகிறார்கள் என்று என் ரூம்மேட் அடித்துச் சொல்கிறான். உண்மையா?
– கல்லூரி மாணவர், கோவை

தம்பி, கவரில் பணம் கைமாறி 6 மார்க் 9 மார்க் ஆவது நான் அறிந்தவரை மிக அபூர்வம். பெரிய தளங்களில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கேம் மேல் உள்ள பிரியத்தால் சுமாரான சம்பளத்துக்கு உழைக்கிறவர்கள். அவர்கள் எல்லோரையும் பொத்தாம்பொதுவாகக் காசு வாங்கிகள் என்பது அநியாயம். சிக்கல் அவர்கள் தலைக்கு மேலே இருக்கிறது. கேம்களை விமர்சிக்கும் பத்திரிகைக்கு அதிகமாக விளம்பரம் கொடுப்பது யார்? அதே கேம்களை விற்கும் கம்பெனிகள். யாரைக் குறை சொல்ல வேண்டுமோ அவர்கள் பணத்தில்தான் அலுவலக வாடகை போகிறது.

2007 நவம்பரில் அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்ஸ்பாட் அன்றைக்கு உலகின் பெரிய கேம் தளங்களில் ஒன்று. ஜெஃப் கெர்ஸ்ட்மேன் அங்கே பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, ஆசிரியர் குழுவின் தலைமைக்கு வந்தவர். ஐடோஸ் நிறுவனம் வெளியிட்ட ‘கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்’ என்ற துப்பாக்கிச் சண்டை கேமுக்கு அவர் கொடுத்தது 10க்கு 6. திட்டித் தீர்க்கிற மார்க் இல்லை, சுமார் ரகம் என்று அர்த்தம். ஆனால் அந்த நாட்களில் கேம்ஸ்பாட் தளத்தைத் திறந்தால் பக்கத்தையே அந்த கேமின் விளம்பரம்தான் போர்த்தியிருந்தது. ஓரங்களில் ‘வாங்கு, வாங்கு’ என்று விளம்பரம், நடுவில் 6 மார்க். நவம்பர் 28ஆம் தேதி கெர்ஸ்ட்மேன் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். அவருடைய வீடியோ விமர்சனம் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. என்ன காரணம் என்று நிர்வாகம் தெளிவாகச் சொல்லவில்லை. அவரும் பேச முடியாது, ஒப்பந்தம் அப்படி.

அடுத்த சில மாதங்களில் அவருடன் வேலை பார்த்த பலர் தாங்களாகவே வெளியேறினார்கள். 2008இல் கெர்ஸ்ட்மேனும் ரயன் டேவிஸும் சேர்ந்து ‘ஜயன்ட் பாம்’ என்ற சொந்தத் தளத்தைத் தொடங்கினார்கள். 2012 மார்ச்சில் அதை சிபிஎஸ் இன்டராக்டிவ் வாங்கியது. கேம்ஸ்பாட்டும் அப்போது அதே கம்பெனியின் கையில்தான். அந்த விற்பனையோடு அவர் வாய்ப்பூட்டும் கழன்றது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. குறைந்த மார்க் கொடுத்தால் விளம்பரத்தை நிறுத்திவிடுவோம் என்று கம்பெனிகள் மிரட்டுவது முன்பிருந்தே உண்டு. பழைய நிர்வாகிகளுக்கு அதைத் தாங்கி நிற்கத் தெரிந்திருந்தது. புதிதாக வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

இதில் என்னை உறுத்துவது இந்தக் கடைசி விவரம்தான். விமர்சகர் அதே ஆள், மிரட்டலும் பழைய மிரட்டல். நடுவில் நின்று “அது எழுதுகிறவர் வேலை, நீங்கள் தலையிடாதீர்கள்” என்று சொல்ல வேண்டியவர் மட்டும் மாறிவிட்டார். அந்த 2007க்குப் பிறகு, வேறொரு தளத்தில் 6 போட உட்காருகிற ஓர் இளைஞருக்கு யாரும் ஃபோன் செய்து மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கே கெர்ஸ்ட்மேன் ஞாபகம் வந்துவிடும். 7 என்று போட்டுவிட்டுப் போவார். உங்கள் ரூம்மேட் தேடுகிற கவர் எங்கேயும் இருக்காது.

கேள்வி: அப்படியானால் ஒரு தளம் யாருக்குச் சொந்தம் என்று பார்த்துவிட்டால் போதுமா?
– வங்கி ஊழியர், திருச்சி

போதாது. ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம். கேம் இன்ஃபார்மர் என்ற அமெரிக்கப் பத்திரிகை 1991இல் தொடங்கியது. பல ஆண்டுகள் அதன் சொந்தக்காரர் கேம்ஸ்டாப், அதாவது கேம் விற்கிற கடைச் சங்கிலி. கடையின் உறுப்பினர் அட்டை வாங்கினால் பத்திரிகைச் சந்தாவும் சேர்ந்து வரும். விமர்சனம் படித்துவிட்டு வாங்கப் போகிற கடையும் அவர்களுடையதுதான். 2024 ஆகஸ்டில் கேம்ஸ்டாப் அந்தப் பத்திரிகையை ஒரே நாளில் இழுத்து மூடியது. 2025இல் அதை மீட்டெடுத்தது கன்ஸில்லா கேம்ஸ், அது ஒரு கேம் தயாரிக்கிற கம்பெனி! இன்னொன்று: ஐஜிஎன் என்ற பெரிய கேம் விமர்சனத் தளம் 2017இல் ஹம்பிள் பண்டில் நிறுவனத்தை வாங்கியது. ஹம்பிள் பண்டில் கேம்களை விற்கிறது, சிலவற்றைத் தானே வெளியிட்டும் இருக்கிறது. விமர்சிப்பதும் விற்பதும் ஒரே கூரையின் கீழ்.

இதற்காக அங்கே எழுதுகிறவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கேம் இன்ஃபார்மரில் அருமையான எழுத்தாளர்கள் இருந்தார்கள், திரும்பி வந்தும் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட தளம் ஒவ்வொரு தொடர்புள்ள கட்டுரையிலும் ‘இந்த கேமை வெளியிடுவது எங்கள் சகோதர நிறுவனம்’ என்று மேலேயே எழுத வேண்டும். எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சைபர்பங்க் 2077 வந்தபோது பல தளங்கள் 90, 95 என்று அள்ளிக் கொடுத்தன. பத்தே நாளில் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். விமர்சகர்கள் பொய் சொன்னார்களா?
– மென்பொருள் பொறியாளர், சேலம்

இல்லை. அவர்கள் விளையாடியது வேறு, மக்கள் வாங்கியது வேறு. இது எப்படி நடக்கிறது என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வாசகர்களுக்குத் தெரியாத இடம் இதுதான்.

கேம் கடைக்கு வருவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே விமர்சகர்களுக்குக் காப்பி வரும். இப்போதெல்லாம் டிஸ்க் இல்லை, மின்னஞ்சலில் ஒரு கோட் மட்டும். அதோடு நிபந்தனைகளும் வரும். எம்பார்கோ (குறிப்பிட்ட நேரம் வரை விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்ற தடை) எந்த நாள், எந்த மணிக்கு விலகும், கதையில் எந்த அத்தியாயத்துக்கு மேல் பேசக் கூடாது, எந்தக் காட்சியைக் காட்டக் கூடாது என்றெல்லாம் இருக்கும். எம்பார்கோ தானாகக் கெட்டது இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரம் என்றால் முந்திக்கொள்ள அரைகுறையாக எழுத வேண்டாம். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதுகிறவர் கம்பெனியின் ஆள். தனக்கு எது சாதகமோ அதைத்தான் எழுதுவார்.

சைபர்பங்கைத் தயாரித்த சிடி ப்ராஜெக்ட் ரெட் என்ன செய்தது? 2020 டிசம்பர் 10 வெளியீடு. டிசம்பர் 7ஆம் தேதி விமர்சனம் போடலாம். ஆனால் முன்கூட்டிக் கொடுத்தது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும்தான். கோடிக்கணக்கான வீடுகளில் இருந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்பு யார் கண்ணிலும் படவில்லை. அதோடு இன்னொரு நிபந்தனை: வெளியீட்டு நாள் வரை விமர்சகர்கள் தாங்கள் விளையாடிப் பதிவு செய்த காட்சியை வீடியோவில் காட்டக் கூடாது, கம்பெனி கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும். அதனால் டிசம்பர் 7ஆம் தேதி யூடியூபில் நீங்கள் பார்த்த விமர்சன வீடியோக்களில் குரல் விமர்சகருடையது, படம் விற்கிறவருடையது. “பக் நிறைய இருக்கிறது”, அதாவது கேமில் கோளாறு நிறைய என்று குரல் சொல்லும்போதே திரையில் பளபளவென்று நகரம் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய கன்சோல் பதிப்பு கையில் கிடைத்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. டிசம்பர் 17ஆம் தேதி, அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதாக சோனி அறிவித்தது. 2021 ஜூனில்தான் கேம் கடைக்குத் திரும்பியது. கன்சோல் காப்பி தரவில்லை, சொந்தக் காட்சி காட்ட விடவில்லை என்பதை விமர்சகர்கள் தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டும். சிலர் உள்ளே எங்கோ ஒரு வரியில் சொன்னார்கள். அது போதாது. மறைப்பதற்குக் காரணம் இருக்கிறவர்கள்தான் மறைப்பார்கள் என்பதே வாசகருக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி.

இதற்கு முன்பும் இந்தப் பாடம் இருந்தது. 2014 நவம்பரில் யூபிசாஃப்ட்டின் ‘அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி’ அமெரிக்காவில் நள்ளிரவில் விற்பனைக்கு வந்தது. விமர்சன எம்பார்கோ விலகியது விடிந்து அன்று மதியம். வாங்குகிறவர்கள் வாங்கி முடித்து, பாத்திரங்களின் முகமே காணாமல் வெறும் கண்ணும் பல்லும் மட்டும் தொங்குவதைப் பார்த்த பிறகுதான் விமர்சனம் வரலாம் என்று ஏற்பாடு. எம்பார்கோ தேதியும் விற்பனைத் தேதியும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். அதுவே ஒரு விமர்சனம்.

கேள்வி: மோசமாக எழுதினால் கம்பெனிகள் என்னதான் செய்துவிடும்?
– வாசகி, ஈரோடு

கதவைச் சாத்துவார்கள். காப்பி வராது, பேட்டி கிடைக்காது, மின்னஞ்சலுக்குப் பதில் இருக்காது. 2008 தொடக்கத்தில் ஈஜிஎம் பத்திரிகையின் ஆசிரியர் டான் சூ தன் தலையங்கத்திலேயே பெயர் சொல்லி எழுதினார்: யூபிசாஃப்ட், மார்டல் காம்பாட் குழு, சோனியின் ஸ்போர்ட்ஸ் கேம் பிரிவு ஆகியவை தங்கள் பத்திரிகைக்கு ஒத்துழைப்பதை நிறுத்திவிட்டன என்று. 2015 நவம்பரில் கொட்டாகு தளத்தின் ஆசிரியர் ஸ்டீஃபன் டொட்டிலோ இதே மாதிரி எழுதினார். ஃபால்அவுட் 4, அடுத்த அசாசின்ஸ் க்ரீட் இரண்டையும் பற்றி முன்கூட்டியே செய்தி போட்டதற்காக பெத்தெஸ்டாவும் யூபிசாஃப்ட்டும் தங்களை ஒதுக்கிவைத்திருக்கின்றன என்றார். இந்த இரண்டு ஆசிரியர்கள் மேலும் எனக்கு மரியாதை அதிகம். கதவு சாத்தியதை வாசகரிடம் சொன்னதே ஒரு சேவை.

2011இல் ‘டியூக் நியூகெம் ஃபாரெவர்’ கேம் விமர்சனங்களில் அடி வாங்கியபோது, அதன் விளம்பரத் தொடர்பு நிறுவனம் “அடுத்த முறை யாருக்குக் காப்பி தருவது என்று பார்க்கிறோம்” என்ற பொருளில் ட்விட்டரிலேயே மிரட்டியது. வெளியிட்ட 2கே கம்பெனி அந்த நிறுவனத்தைக் கைகழுவியது. வழக்கமாக மூடிய அறைக்குள் சொல்வதைத் தெருவில் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: ஒரு டீ-ஷர்ட், ஒரு சாப்பாடு வாங்கிக்கொண்டால் எழுத்து மாறிவிடுமா? கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பெண்ணின் அப்பா பக்கத்தில் நிற்கும்போது “சாம்பாரில் உப்பு அதிகம்” என்று சொல்லுவோமா? சொல்ல மாட்டோம். அது நல்ல பழக்கம்கூட. ஆனால் உப்பு அதிகம் என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவர் அந்தப் பந்தியில் உட்காரக் கூடாது.

2009இல் இஏ நிறுவனம் ‘டான்டேஸ் இன்ஃபெர்னோ’ கேமுக்காக விமர்சகர்களுக்கு ஆளுக்கு 200 டாலர் செக் அனுப்பியது. வங்கியில் போட்டால் பேராசை என்ற பாவம், போடாவிட்டால் ஊதாரித்தனம் என்ற பாவம் என்று கூடவே ஒரு குறிப்பு. நரகம் பற்றிய கேம் என்பதால் இப்படி ஒரு விளம்பர உத்தி. விளையாட்டாகச் செய்தாலும் அது விமர்சகர் பெயருக்கு எழுதப்பட்ட செக். 2014இல் ‘வாட்ச் டாக்ஸ்’ முன்னோட்ட நிகழ்ச்சியில் வந்தவர்களுக்கு நெக்சஸ் 7 டேப்லெட் கொடுத்தார்கள். செய்தி வெளியானதும், இது எங்கள் கொள்கைக்குப் பொருந்தாது என்று யூபிசாஃப்ட்டே சொல்ல வேண்டியதாயிற்று.

எல்லோர் மனத்திலும் நின்ற படம் 2012ஆம் ஆண்டினுடையது. கேம் உலகத்தில் மிகவும் தெரிந்த முகமான ஜெஃப் கீலி ஒரு பேட்டிக்கு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம் ‘ஹேலோ 4’ விளம்பரத் தட்டி. இன்னொரு பக்கம் மேசை மேல் டொரிட்டோஸ் சிப்ஸ் பாக்கெட்டும் மவுன்டன் டியூ பாட்டில்களும். நடுவில் அசையாத பார்வையோடு அவர். யூரோகேமர் தளத்தில் ராபர்ட் ஃபிளாரன்ஸ் அந்தப் படத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதே கட்டுரையில், லண்டனில் நடந்த கேம் பத்திரிகையாளர் விருது விழாவில் ஒரு கேமின் பெயரை ட்வீட் செய்தால் பிளேஸ்டேஷன் 3 பரிசு என்றதும் சில பத்திரிகையாளர்கள் ட்வீட் செய்ததையும், அதை இன்னொரு பத்திரிகையாளர் நியாயப்படுத்தியதையும் சுட்டிக்காட்டினார். சட்ட நடவடிக்கை வரும் என்ற பயத்தில் தளம் அந்தப் பகுதியை நீக்கியது. ஃபிளாரன்ஸ் அங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியேறினார்.

இங்கே பாருங்கள் ஐயா: பரிசுக்கு ட்வீட் செய்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘இது சரியாகப் படவில்லையே’ என்று எழுதியவர்தான் வெளியே போனார். டீ-ஷர்ட்டுக்கு நான் பயப்படுவது இதனால்தான்.

கேள்வி: பல தளங்களின் ஸ்கோரையும் திரட்டித் தருகிற மெட்டாகிரிட்டிக் தளத்தின் சராசரியைப் பார்த்தால் தனி ஆள் சார்பு அடிபட்டுப் போகாதா?
– கணக்காளர், திருப்பூர்

ஓரளவு போகும். ஆனால் எந்தத் தளத்துக்கு எவ்வளவு எடை என்று மெட்டாகிரிட்டிக் வெளியே சொல்வதில்லை. எல்லோருக்கும் அதே எம்பார்கோ, அதே கம்ப்யூட்டர் பதிப்பு என்றால் சராசரியிலும் அதே கோளாறுதான் இருக்கும்.

வேறொரு பக்கமும் உண்டு. ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ 2010இல் வந்தது. அதைச் செய்த ஆப்சிடியன் ஸ்டூடியோவுக்கு ராயல்டி கிடையாது, மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. ஸ்டூடியோவைச் சேர்ந்த கிரிஸ் அவெலோன் 2012இல் சொல்லித்தான் இது உலகத்துக்குத் தெரிந்தது. ஒரு விமர்சகர் 8 போடலாமா 9 போடலாமா என்று யோசிக்கும்போது எங்கோ சிலருடைய போனஸ் அதில் தொங்குகிறது. அது அவருக்குத் தெரிந்தாலும் தப்பு, தெரியாவிட்டாலும் பாரம். ஸ்கோர் வேண்டாம் என்று யூரோகேமர் 2015இல் முடிவெடுத்ததை நான் வரவேற்றேன். 2023இல் நட்சத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: கேமர்கேட் என்பதே பத்திரிகை நேர்மைக்கான போராட்டம்தானே? அதை ஏன் யாரும் ஒப்புக்கொள்வதில்லை?
– வாசகர், பெங்களூர்

இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். கேமர்கேட் என்பது கேம் பத்திரிகைகளின் நேர்மையைக் கேட்கிறோம் என்று சொல்லி இணையத்தில் கிளம்பிய இயக்கம். 2014 ஆகஸ்டில் ஸோயி குவின் என்ற கேம் வடிவமைப்பாளரைப் பற்றி அவருடைய முன்னாள் காதலர் இணையத்தில் நீண்ட பதிவு ஒன்றை எழுதினார். அதிலிருந்து கிளம்பியது ஒரு குற்றச்சாட்டு: குவின், கொட்டாகு நிருபர் ஒருவருடன் உறவு வைத்துக்கொண்டு தன் கேமுக்கு நல்ல விமர்சனம் வாங்கிவிட்டார். கொட்டாகு ஆசிரியர் விசாரித்தார். அப்படி ஒரு விமர்சனமே இல்லை. அந்த நிருபர் கொட்டாகுவில் குவினைப் பற்றி எழுதியது ஒரே ஒரு கட்டுரை, அதுவும் உறவு தொடங்குவதற்கு முன், வேறொரு நிகழ்ச்சியைப் பற்றி. குற்றச்சாட்டின் அடித்தளமே இல்லாமல் போயிற்று. ஆனால் கூட்டம் கலையவில்லை. குவின் வீட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், கேம்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று பேசிவந்த அனிதா சர்க்கீசியன் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தார். பேசினால் துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று மிரட்டல் வந்து கூட்டம் ரத்தானது.

நேர்மைதான் நோக்கம் என்றால் இந்தக் கோபம் முதலில் யார் மேல் போயிருக்க வேண்டும்? விளம்பரத்தால் ஆசிரியரை வெளியேற்றிய நிர்வாகங்கள் மேல். நள்ளிரவில் விற்று மதியம் விமர்சிக்க விட்ட கம்பெனிகள் மேல். போனது யார் மேல்? இலவசமாகக் கிடைத்த ஒரு சின்ன கேமைச் செய்த தனி ஆள் மேல். கொட்டாகு, பாலிகான் போன்ற தளங்கள் அதற்குப் பிறகு, தங்கள் நிருபர்கள் பேட்ரியான் என்ற நிதியுதவித் தளம் மூலம் கேம் தயாரிப்பாளர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றி விதிகளை இறுக்கின. அது நல்லதுதான். ஆனால் அந்தச் சின்ன மாற்றத்துக்கு மனிதர்கள் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ‘நேர்மை’ என்ற பேச்சை எடுத்தாலே கேம் உலகத்தில் பலர் முகம் சுளிக்கிற நிலை வந்ததும் அதனால்தான். உண்மையான கேள்விகளைக் கேட்பவர்களுக்கு அந்த இயக்கம் செய்த பெரிய கெடுதல் அது.

கேள்வி: விமர்சனத்தில் அரசியல், பெண்ணியம் எல்லாம் எதற்கு? கேமை மட்டும் சார்பில்லாமல் விமர்சிக்கலாமே?
– வாசகர், திருநெல்வேலி

கருத்து வேறு, ஆதாய முரண் வேறு. ஒரு விமர்சகருக்குக் கதை பிடிக்கவில்லை, பெண் பாத்திரங்களைக் காட்டிய விதம் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்வதுதான் அவர் வேலை. 2013இல் கேம்ஸ்பாட்டில் ‘ஜிடிஏ 5’-க்கு 10க்கு 9 கொடுத்த விமர்சகர், பெண்களை அந்த கேம் காட்டும் விதம் பற்றிக் குறை சொன்னார். அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி 20,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். 9 மார்க் கொடுத்ததற்கு! கெர்ஸ்ட்மேனுக்கும் இதே அனுபவம் உண்டு. 2006இல் ‘ஸெல்டா: ட்வைலைட் பிரின்சஸ்’ கேமுக்கு அவர் 8.8 கொடுத்தார். 9கூட இல்லையா என்று ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அதே நாற்காலியில் இருந்துதான் அவர் தூக்கப்பட்டார்.

சைபர்பங்க் விஷயத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. கேம் இன்ஃபார்மரில் எழுதிய வலிப்பு நோயுள்ள ஒரு பெண் விமர்சகர், விளையாடும்போதே தனக்கு வலிப்பு வந்ததையும், தலையில் மாட்டும் ஒரு கருவி வருகிற காட்சியில் சிவப்பும் வெள்ளையுமாக வேகமாக மின்னும் விளக்குகள் ஆபத்தானவை என்பதையும் எழுதி, வலிப்புள்ள மற்றவர்களை எச்சரித்தார். அதற்குச் சிலர் அவருக்கு வலிப்பை வரவழைக்கும் வீடியோக்களையே அனுப்பினார்கள். கம்பெனியோ அவர் சொன்னதை ஏற்று அந்தக் காட்சியைத் திருத்தியது.

கம்பெனியின் மிரட்டலும் ரசிகரின் மிரட்டலும் விமர்சகரைத் தள்ளுவது ஒரே பக்கம்தான், மேல் பக்கம். வாசகரும் ஆதாயத் தரப்பாக மாறும் இடம் இது. முன்பணம் கட்டிவிட்டவருக்கு, தான் வாங்கியது நல்ல பொருள் என்று யாராவது சொல்லியாக வேண்டியிருக்கிறது.

கேள்வி: பத்திரிகை யார் படிக்கிறார்கள், நாங்கள் எல்லாம் யூடியூப்தான். அங்கே இந்தத் தொல்லை இல்லையே?
– பிளஸ் 2 மாணவி, சென்னை

அங்கேதான் அதிகம் அம்மா. 2014இல் ‘ஷேடோ ஆஃப் மோர்டார்’ கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்தது. நூற்றுக்கணக்கான டாலரிலிருந்து பல்லாயிரம் டாலர் வரை. ஒப்பந்தத்தில் இருந்தது இதுதான்: கேமை நல்லபடியாகக் காட்ட வேண்டும், பக் எதையும் காட்டக் கூடாது. ஸ்பான்சர் என்ற விவரம் வீடியோவுக்குக் கீழே, ‘மேலும் காட்டு’ என்பதைத் தட்டினால் மட்டும் தெரிகிற இடத்தில் இருந்தால் போதும். பணம் வாங்கியவர்களில் ப்யூடிபையும் ஒருவர், அவர் வீடியோவை மட்டும் 37 லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். டோட்டல்பிஸ்கட் என்ற பெயரில் இயங்கிய ஜான் பெய்ன் அந்த ஒப்பந்தத்தை ஏற்காமல், விஷயத்தை வெளியே பேசினார். 2016 ஜூலையில் அமெரிக்க வர்த்தக ஆணையம் வார்னர் மேல் நடவடிக்கை எடுத்து, இனி இப்படிச் செய்யக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. அபராதம் கிடையாது.

இன்னொரு வழக்கு இதையும் மிஞ்சியது. கவுன்டர் ஸ்ட்ரைக் கேமில் வரும் ஆயுத அலங்காரங்களை வைத்துச் சூதாடும் ‘சிஎஸ்கோ லாட்டோ’ தளத்தில் தாங்கள் ஜெயிப்பதை இரண்டு பிரபல யூடியூபர்கள் குதூகலமாகக் காட்டினார்கள். தளமே அவர்களுடையது! அதைச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் உங்கள் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

கேள்வி: உங்களுக்கு மட்டும் காப்பி வருவதில்லையா? நீங்கள் எப்படி?
– வாசகர், மதுரை

நியாயமான கேள்வி. எப்போதாவது வரும். வந்தால் கட்டுரையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறோம். மற்றபடி பத்திரிகையே காசு கொடுத்து வாங்குகிறது, அதனால் எங்கள் விமர்சனம் ஒரு வாரம் தாமதமாகத்தான் வரும். ஹோட்டல், விமானம், நிகழ்ச்சி அழைப்பு எதையும் ஏற்பதில்லை. ஒருமுறை ஒரு விளம்பர ஏஜென்சியிலிருந்து ஃபோன் வந்தது. விமர்சனத்தில் “மழைக் காட்சி வந்தால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது” என்று எழுதியிருந்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், “சார், அந்த ஒரு வரி மட்டும். அடுத்த மாசம் ரெண்டு பக்க விளம்பரம் பேசிக்கிட்டிருக்கோம்” என்றார். என் ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் அரை நிமிடம்கூடப் பேசவில்லை. வரி அப்படியே அச்சானது, விளம்பரம் வரவில்லை. முதல் கேள்வியில் நடுவில் நிற்கும் ஆளைப் பற்றிச் சொன்னேனே, எனக்கு அப்படி ஒருவர் வாய்த்திருக்கிறார். எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கேள்வி: தமிழ் வீடியோவில் ஸ்பான்சரை மறைத்தால் நாம் ஏதாவது செய்ய முடியுமா?
– இல்லத்தரசி, பாண்டிச்சேரி

முடியும். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அரசு சமூக ஊடகப் பிரபலங்களுக்கு வழிகாட்டி நெறிகளையும் வெளியிட்டது. பணம் மட்டும் அல்ல, இலவசப் பொருள், பயணம், தங்குமிடம் வாங்கியிருந்தாலும் சொல்ல வேண்டும். வீடியோ என்றால் அதைக் குரலிலும் சொல்ல வேண்டும், திரையிலும் காட்ட வேண்டும். நேரலை என்றால் தொடர்ந்து தெரிய வேண்டும். எந்த மொழியில் பேசுகிறார்களோ அந்த மொழியிலேயே இருக்க வேண்டும், அதனால் தமிழில் பேசிவிட்டு மூலையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போடுவது செல்லாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. வீடியோவின் இணைப்பு, எத்தனையாவது நிமிடம், ஒரு ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நீக்கிவிடுவார்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள்.